நாய்க்கு எது சோத்தாங்கை?

நாய்களிலும் இடக்கை, வலக்கை வேறுபாடு உண்டா என்று யாரேனும் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் விலங்குக்கும் பக்கம் உண்டு என்பது கொங்கு நாட்டு உழவர் அறிந்ததே. காங்கயம் காளைகளை வண்டியில் பூட்டுகையில் வலத்து மாடு எது, இடத்து மாடு எது என்று பார்த்தே பூட்டுவார்கள். பக்கம் மாற்றிக் கட்டினால் பழகிய காளையும் தடுமாறும். காளையின் பக்கம் பழக்கத்தால் அமைவது. நாயிடமோ அது நாம் பழக்காமலே தென்படுகிறது.

அதைக் கண்டறிய, ‘கை கொடு’ என்றதும் நாய் எந்தக் காலை நீட்டுகிறது என்று பார்ப்பவர் பலர். அது தவறான சோதனை. நாம் வலக்கையை நீட்டிப் பழக்குகிறோம். அதற்கு நேரெதிரே இருப்பது நாயின் இடது முன்னங்கால். ஆகவே அங்கே வெளிப்படுவது நமது கைப்பழக்கமாகவே இருக்கக்கூடும். வாய் எட்டாத குறுகிய குழாயில் தின்பண்டத்தை வைத்து, நாய் எந்தக் காலால் எடுக்க முயல்கிறது என்று பலமுறை எண்ணுவதே மேல். உள்ளே தீனி வைத்த ரப்பர் பொம்மையை அது எந்தக் காலால் அழுத்திப் பிடிக்கிறது என்று 100 முறை வரை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். நின்ற நிலையிலிருந்து நடக்கத் தொடங்கும்போது முதலில் எடுத்து வைக்கும் காலைக் குறிப்பது மற்றொரு முறை. ஒரு சோதனையில் வலக்காலைக் காட்டிய நாய் இன்னொன்றில் இடக்காலைக் காட்டுவதும் உண்டு. ஆகவே அவசர முடிவு உதவாது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு 17,901 நாய்களைப் பற்றியது. அவற்றுள் ஏறத்தாழ 74 சதவீதம் ஏதேனும் ஒரு காலையே மிகுதியாகப் பயன்படுத்தின. அப்படிப்பட்டவற்றில் வலக்கால் நாய்கள் 58 சதவீதம். எஞ்சியவை இடக்கால் நாய்கள். மனிதரில் பத்தில் ஒன்பது பேர் வலக்கையர். நாய்களிடையே இடப்பக்கம் அத்தனை சிறுபான்மை அன்று.

இந்த ஆராய்ச்சி நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வியை எழுப்புவதாக நாம் கருதுகிறோம். நம் பேச்சில் ஒரு கை சோத்தாங்கை. மற்றது நொட்டாங்கை, பீச்சாங்கை. பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. இடக்கையால் எழுதவோ உண்ணவோ முனையும் குழந்தையின் கையைத் தட்டிவிடும் பெரியவர்கள் கோவையின் படித்த குடும்பங்களிலும் இருக்கவே செய்கிறார்கள். புகுந்த வீட்டுக்கு வரும் மணப்பெண்ணிடம் வலது காலை எடுத்து வைக்கச் சொல்கிறோம். நாயிடம் மட்டுமே அது எந்தக் காலை முதலில் வைக்கும் என்று காத்திருந்து பார்க்கிறோம்.

இடத்து மாட்டை மட்டமென்று சொல்லும் உழவர் இல்லை. அது இல்லாமல் இரட்டை மாட்டு வண்டி நகராது. அந்த மதிப்பைக் குழந்தையின் இடக்கைக்கும் தருவதே முறை. பென்சிலை மறு கைக்கு மாற்றும் முன், நாய்க்குக் காட்டும் பொறுமையில் ஒரு பங்கையாவது பிள்ளைக்கும் காட்டுவோம்.