பொட்டிக்குள்ள தண்ணி எதுக்கு மக்கா?

தலைப்பைப் பார்த்துட்டு வேற தண்ணின்னு நினைச்சு ஓடி வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடலாம். இது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற தண்ணியைப் பத்தின புலம்பல். :-)

எங்க க்ளாஸ்ல ஒருத்தன் புதுசா பொட்டி அசெம்பிள் பண்றான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனைக் கையில வெச்சுக்கிட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லார்கிட்டயும் நீட்டுறான். வாங்கிப் பார்த்தேன். ப்ராசஸர் ரைசன் 5 7600. 65 வாட் ரகம். டப்பாவுக்குள்ளயே ஹீட்சிங்க்கும் ஃபேனும் சும்மா வெச்சுத் தர்றாங்க. அதுக்கு அடுத்த வரியில 360 எம்எம் லிக்விட் கூலர்! மூணு ஃபேன், ரேடியேட்டர், பம்ப், ரெண்டு குழாய். டிவிஎஸ் 50க்கு லாரி ரேடியேட்டர் மாட்டுன கதை.

"எதுக்குடா இது?"ன்னு கேட்டேன். "கடை அண்ணன் சொன்னாருடா. நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி இருந்தாத்தான் தாங்குமாம்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும்தான் இந்தப் பதிவை எழுதியே தீரணும்னு முடிவு பண்ணினேன். ஏன்னா இதே வசனத்தைக் கேட்டு ஏமாந்த ஒருத்தர் எங்க ஹாஸ்டல்லயே இருந்தார். அவர் கதை அப்புறம். முதல்ல வெயில் விஷயத்தை முடிச்சுடுவோம்.

தண்ணி சூட்டை அழிக்காது. இடம் மாத்தும், அவ்வளவுதான். ப்ராசஸர் மேல உட்கார்ந்திருக்கிற செப்புத் தகட்டில இருந்து சூட்டை வாங்கி, குழாய் வழியா ரேடியேட்டருக்குக் கொண்டு போய்க் கொட்டும். அங்க அதை வெளியேத்துறது யாரு? ஃபேனும் காத்தும்தான். ஆக வாட்டர் கூலிங்னு சொல்றதும் கடைசியில ஏர் கூலிங்தான். ரூம்ல 36 டிகிரி இருந்தா ரேடியேட்டருக்குள்ள வர்ற காத்தும் 36 டிகிரி. அதுக்குக் கீழ அந்தத் தண்ணி குளிரவே முடியாது. ஏசி இல்லாத ரூம்ல தண்ணி ஓடினா ஜில்லுன்னு ஆயிடும்னு நம்புறவங்க, மே மாசம் மொட்டை மாடி டேங்க் தண்ணியில ஒரு தடவை குளிச்சுப் பார்க்கவும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. சாதா ஏர் கூலர்ல வளைஞ்சு வளைஞ்சு போற செப்புக் குழாய்கள் இருக்கே, ஹீட் பைப், அதுக்குள்ளயும் பெரும்பாலும் தண்ணிதான்! காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, கொஞ்சூண்டு தண்ணி விட்டு நிரந்தரமா அடைச்சு வெச்சிருப்பாங்க. சூடான பக்கம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய்த் தண்ணியாகி, உள்சுவர்ல இருக்கிற பஞ்சு மாதிரியான செப்பு வழியா ஊறித் திரும்பி வரும். பம்ப் கிடையாது, ரப்பர் கிடையாது, ஜாயின்ட் கிடையாது. ஓட்டையே விழுந்தாலும் வழிஞ்சு ஓடுற அளவுக்கு உள்ள ஒண்ணும் இல்லை. தண்ணியோட வேலையைத் தண்ணியால வர்ற ஆபத்து இல்லாம செஞ்சு முடிச்சாச்சு. அப்புறமும் நாம குழாய் இழுக்கிறோம்.

இப்ப கசிவுக்கு வருவோம். கேபினெட்டைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். மதர்போர்டு செங்குத்தா நிக்கும். ப்ராசஸர் மேல. அதுக்கு நேர் கீழ, பந்தல் போட்ட மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிறது கிராபிக்ஸ் கார்டு. பம்ப் தலையில குழாய் சேர்ற இடத்தில ஒரு சொட்டு கசிஞ்சா அது எங்க விழும்? பொட்டியிலயே விலை அதிகமான பொருள் மேல. புவியீர்ப்புக்கு வாரன்டி கார்டு காட்ட முடியாது.

எங்க சீனியர் அண்ணனுக்கு நடந்தது இதேதான். ரெண்டு லீவுல இன்டர்ன்ஷிப் போய்ச் சேர்த்த காசு. பத்தாததுக்கு வீட்டுல அம்மா சீட்டுப் பணத்தில இருந்து கொடுத்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நியூரல் நெட்வொர்க் ட்ரெயின் பண்ணணும்னு கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். கூலர் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒண்ணே கால் வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் லிக்விட் கூலர். ஒரு நாள் ராத்திரி ட்ரெயினிங் ஓட விட்டுட்டுத் தூங்கிட்டார். காலையில ஸ்கிரீன் கறுப்பு. திறந்து பார்த்தா கார்டு முதுகுல வட்டமா ஒரு பிசுபிசுப்பு, ஸ்லாட் ஓரத்தில பச்சையா பூத்திருக்கு. ஒரே ராத்திரியில பச்சை பூக்காது. பல நாளா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு, யாரும் பார்க்கலை. கார்டை எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டர் போனார். "லிக்விட் டேமேஜ், வாரன்டி வராது"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கூலர் வித்த கடையில "நாங்க டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தோம் தம்பி"ன்னாங்க. கடைசியில காலேஜ் லேப் மெஷின்ல க்யூவில நின்னு ப்ராஜெக்டை முடிச்சார். அந்தக் கார்டு இன்னும் அவர் பெட்டியிலதான் இருக்காம். தூக்கிப் போட மனசு வரலைன்னார்.

"ஏதோ ஓட்டை செகண்ட் ஹேண்ட். நல்ல கம்பெனி சரக்குன்னா ஒண்ணும் ஆகாது"ன்னு நீங்க சொல்வீங்க. சரி, நல்ல கம்பெனியையே எடுத்துப்போம். ஆப்பிள்.

2003ல பவர் மேக் ஜி5 வந்தப்ப, பன்னிரண்டு மாசத்தில 3 கிகாஹெர்ட்ஸ் தர்றோம்னு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு சொன்னார். வரலை. 2004ல 2.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் இழுத்துப் பார்த்தாங்க, சூடு தாங்கலை. லிக்விட் கூலிங் போட்டாங்க. 2005ல வந்த குவாட் ஜி5லயும் அதேதான். அந்தக் கூலிங் சிஸ்டத்தைப் பல மெஷின்களுக்குச் செஞ்சு கொடுத்தது டெல்ஃபி, கார் பாகம் செய்யற கம்பெனி. ரேடியேட்டர்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. அப்படியும் வருஷம் ஆக ஆக நிறைய மெஷின்ல ஜாயின்ட் கசிய ஆரம்பிச்சது. அந்தப் பெட்டியில பவர் சப்ளை அடியில படுத்திருக்கும். கூலன்ட் ப்ராசஸரையும் போர்டையும் நனைச்சுட்டு நேரா அதுல போய் இறங்கும். அலுமினியப் பெட்டியே அரிச்சுப் போன படங்கள் இணையத்தில தேடினா கிடைக்கும். 2006ல இன்டெல் ப்ராசஸர் போட்ட மேக் ப்ரோ வந்தப்ப ஆப்பிள் பழையபடி காத்துக்கே திரும்பிடுச்சு.

பழைய கதைன்னு தள்ளிட முடியாது. 2022ல ஆர்க்டிக் கம்பெனி, தன்னோட லிக்விட் ஃப்ரீசர் 2 கூலர்கள்ல கேஸ்கெட் பிரச்சினை இருக்குன்னு தானே அறிவிச்சு, மாத்திக்க இலவசமா சர்வீஸ் கிட் அனுப்புச்சு. ரப்பர் கேஸ்கெட்ல இருந்த கந்தகம் செப்புத் தகட்டை அரிக்குதாம். குற்றம் சொல்ல இதை எழுதலை. ஒளிக்காம சொன்னதுக்குக் கையெடுத்துக் கும்பிடணும். நான் சொல்ல வர்றது, நேர்மையா கவனமா செய்யறவங்க கைக்கே இந்த ரப்பர் டிமிக்கி கொடுக்குதுங்கிறதுதான்.

அடுத்த வசனம்: "இது நான் கண்டக்டிவ் லிக்விட்டுங்க, கொட்டினாலும் ஷாக் அடிக்காது." பாட்டில்ல இருக்கிற வரைக்கும் உண்மை. சுத்தமான தண்ணி கரெண்டை ரொம்பக் குறைவாத்தான் கடத்தும். ஆனா செப்பு, நிக்கல், அலுமினியம்னு வருஷக்கணக்கா உலோகங்களைத் தடவிக்கிட்டே சுத்துற திரவத்தில அயனிகள் சேராம எங்க போகும்? நிறைய மாடல்ல ரேடியேட்டர் அலுமினியம், தகடு செப்பு. ரெண்டு உலோகமும் ஒரே திரவத்தில நனைஞ்சா அரிப்பு வரும்னு பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரியிலயே படிச்சோம். அதைத் தடுக்க மருந்து கலந்திருக்காங்க, அந்த மருந்தை நம்பித்தான் மொத்த வண்டியும் ஓடுது. அது போகட்டும். கசியற சொட்டு விழறது கண்ணாடி மேல இல்லை. ஆறு மாசத் தூசி படிஞ்ச போர்டு மேல. அந்தத் தூசியில உப்பு இருக்கு. பாட்டில் லேபிள் அந்த நிமிஷமே செல்லாது.

"சூப்பர் கம்ப்யூட்டருக்கே தண்ணிதான் ஊத்தறாங்க"ன்னு ஒரு கோஷ்டி. ஆமா, 1980ல வந்த ஐபிஎம் 3081 மெயின்ஃப்ரேமுக்கே தண்ணிதான். 1985ல க்ரே-2வை மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினெர்ட்ங்கிற திரவத்தில முழுசா முக்கியே வெச்சாங்க. இன்னைக்கு ஏஐ டேட்டா சென்டரும் அப்படித்தான். அங்க கசிவு சென்சார் இருக்கு, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பார்க்க ஆள் இருக்கு, மாத்த உதிரி இருக்கு. உங்க ரூம்ல யார் இருக்கா? ப்ராசஸர் சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், மீறினா நின்னுடும். கசிவைப் பார்த்து நின்னுடற மாதிரி வீட்டு மெஷின் பெரும்பாலானதுல ஒண்ணும் கிடையாது.

நியாயமா பேசணும்ல, அதனால இதையும் சொல்லிடறேன். புது ஏஐஓ வாங்கின எல்லாருக்கும் கசியாது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாம ஓடும். 14900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கிற ப்ராசஸரை மணிக்கணக்கா ரெண்டரிங்ல போட்டு வறுக்கிறவங்களுக்கு லிக்விட் கூலர் உபயோகம்தான். பெரிய ஏர் கூலருக்கும் வில்லங்கம் உண்டு. நாக்டுவா என்ஹெச்-டி15 ஃபேனோட சேர்த்து 1.3 கிலோ. அதை மாட்டிக்கிட்டு பஸ் டிக்கில கேபினெட்டை நிமிர்த்தி வெச்சு ஊருக்குப் போனா போர்டு என்ன பாடுபடும்னு யோசிங்க. (படுக்க வெச்சுக் கொண்டு போங்கப்பா.) ஆனா 65 வாட்டுக்கு? அங்க லாபம் ஏழெட்டு டிகிரியோ என்னமோ, அதுவும் ஸ்கிரீன்ல தெரியற நம்பர்ல மட்டும். ரைசன் 7000 வரிசை பெரிய ப்ராசஸர்களே 95 டிகிரி வரை போய் ஓடத்தான் வடிவமைச்சிருக்குன்னு 2022ல ஏஎம்டியே சொல்லியாச்சு. அந்த நம்பரைக் குறைக்க, அடியில இருக்கிற கார்டைப் பணயம் வைக்கணுமா?

உண்மைக் காரணம் வேற. கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு, பம்ப் தலையில ஓடுற குட்டி ஸ்கிரீன். அழகா இருக்கு, ஒத்துக்கறேன். "அழகுக்காக வாங்கறேன்"னு சொல்லிட்டு வாங்குங்க, சண்டையே இல்லை. வெயில் மேல பழி போடாதீங்க.

ஏற்கனவே மாட்டியிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சு ஜாயின்ட்டுகளைப் பாருங்க. வெள்ளையா பச்சையா படிவு தெரிஞ்சாலோ, ஈரம் தட்டுப்பட்டாலோ, ஷட்டவுன் கொடுத்ததோட நிக்காதீங்க. ஷட்டவுன் ஆன பிறகும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட்டைப் போர்டுக்கு அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், அரிப்பும் நடந்துக்கிட்டே இருக்கும். சுவர் ஸ்விட்சை அணைச்சு, ஒயரைப் பிடுங்கிட்டு, அப்புறம் கையை வைங்க.

நம்மாளு கொட்டேஷனைத் திரும்ப வாங்கி அந்த வரியை மட்டும் பேனாவால அடிச்சுக் கொடுத்திருக்கேன். மிச்சமாகிற காசில ராம் கூட்டிக்கச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன்"னு போயிருக்கான். சனிக்கிழமை கடைக்குப் போறானாம், நானும் கூடப் போறேன்.

டிஸ்கி: என் பொட்டியில ஓடறது ப்ராசஸர் டப்பாவில சும்மா வந்த ஃபேன். மிக்சி மாதிரி சத்தம் போடும். அதைப் பத்தி ரூம்மேட் தனிப்பதிவு போடப் போறானாம்.