ஆர்ப்பென்னுங் குற்றம்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என இசைக்கருவிகளை ஐவகையாக வகுத்தனர் நம் முன்னோர். இக்காலத்தே மின்கருவி என ஆறாவதொன்றும் அவற்றோடு சேர்ந்துளது. தோலுக்குப் பேர்போன வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் வாழும் நாம் தோற்கருவியின் இயல்பை ஒருவாறு அறிவோம். மின்கருவியின் குணமும் குற்றமும் இன்னும் நன்கறிந்தோமில்லை. அக்குற்றங்களுள் தலையாயதாகிய இரைச்சலையும், அதனைக் களையும் முறையையும் பற்றி நம் கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மின்கருவிகளுள் மாடுலர் சிந்தசைசர் என்பதொன்று. ஒலியைப் பிறப்பித்தல், வடித்தல், ஏற்றியிறக்கல் என ஒவ்வொரு தொழிற்கும் இதிலே தனித்தனிக் கூறுண்டு. இசைப்போன் அவற்றைச் சிறு கம்பிகளால் வேண்டியவாறு இணைத்துக்கொள்வான். 1964இல் இதனை ஆக்கியோருள் ஒருவர் அமெரிக்கராகிய இராபர்ட் மூக். 1969இல் அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில், அவர் பெயர் தாங்கிய கருவியொன்றை டேவிட் டியூடர் என்னும் இசைஞர் நிறுவினார். கீதா சாராபாய் அம்மையார் முதலியோர் அங்கே இசை படைத்தனர். 1969 முதல் 1972 வரை பதிந்த அவ்வொலிகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. ஆதலின் இக்கருவி நம் நாட்டிற்குப் புதிதன்று. இன்று யூரோராக் என்னும் சிறிய அளவில் மாணாக்கரும் இதனைக் கோத்தமைத்துக்கொள்கின்றனர்.

இனி, இரைச்சலாவது யாது? நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுடையது. அது இசைக்கம்பியிற் புகுமாயின் 50, 100, 150 என்னும் எண்களில் ஓயாது முரலும். தம்புராவின் பக்கத்தே அழையாது வந்தமர்ந்த இரண்டாவது சுருதி அது. எந்தப் பாடகருக்கும் இணங்காது, எவர் சொல்லியும் நில்லாது. ‘அவ்வெண்களை மட்டும் வடிகட்டிவிட்டாற் போதாதோ?’ எனச் சிலர் வினவுவர். போதாது. மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் ஆண்குரலின் அடித்தளமும் அவ்வெண்களின் அருகிலேயே உள்ளன. களையோடு பயிரும் போம்.

நம் பழைய உரையாசிரியர் யாழ் நரம்பின் குற்றம் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கென்பர். ஆர்ப்பாவது அளவிறந்து ஒலித்தல். அக்குற்றங்கட்குக் காரணம் யாழ் செய்த மரத்தின் கேடே எனவுங் கண்டனர். குற்றத்தை மறைக்க வழி தேடாது, அது பிறக்குமிடத்தை நாடினர். மின்கருவிக்கும் அந்நெறியே தக்கதென்பது நம் துணிபு.

சிந்தசைசரின் உள்ளே ஓடும் இசைமின்னழுத்தம் ஏறத்தாழ 10 வோல்ட்டு, கம்பிகளோ சிறியன. ஆதலின் அங்கே வெளியிரைச்சல் எளிதில் மேலோங்காது. உள்ளே எழும் இரைச்சல் பெரும்பாலும் கூறுகளனைத்தும் ஒரே மின்வழியைப் பகிர்தலால் வருவது. திரும்பும் மின்னோட்டங்கள் ஒன்றன்வழியே ஒன்று செல்லாது, தனித்தனியே வந்து ஓரிடத்தே கூடுமாறு அமைப்பின் அது குறையும்.

தொல்லை மிகுவது கருவியைவிட்டு வெளிப்போந்த பின்னரே. மேடையிற் கருவிக்கு ஒரு மின்செருகிடம், மண்டபத்தின் மறுகோடியில் ஒலிபெருக்கிக்கு வேறொன்று. இரண்டிற்கும் தனித்தனி எர்த். இடையே ஓடும் இசைக்கம்பியின் உறை அவ்விரண்டையும் இணைத்து வளையமாக்கிவிடும். இரு நிலங்கட்கும் உள்ள மின்னழுத்த வேற்றுமை அவ்வளையத்திற் பாய, ஒலிபெருக்கி அதனையும் இசையெனக் கொண்டு பெருக்கும்.

இதற்கு மருந்து சமநிலைக் கம்பி. ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளில், இசை ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவுஞ் செல்லும். வழியிற் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒருபடித்தாகவே புகும். ஏற்குமிடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க, இரைச்சல் நீங்கி இசை நிற்கும். இரு கம்பிகளின் மின்தடையும் தராசுத் தட்டுப்போல் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயிற் பயன் குன்றும். தொலைபேசிக்கு முறுக்குக் கம்பியை அமைத்து 1881இலேயே அலெக்ஸாந்தர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றனர்.

இத்துணை எளிய மருந்திருக்க, நம்மவர் கைக்கொள்ளும் முறை யாது? மூன்று முள் செருகியின் பெரிய முள்ளை ஒடித்துவிடுகின்றனர்! வளையம் அறுகின்றது, இரைச்சலும் அடங்குகின்றது. அதனோடு உயிர்க்காப்பும் அறுகின்றதென்பதை எண்ணுகின்றாரில்லை. ஒலிபெருக்கியின் உள்ளே மின்கம்பி நழுவி இரும்புக்கூட்டைத் தொடுமாயின், அம்மின்சாரம் நிலத்தை அடைய இசைப்போன் உடலையன்றி வேறு வழி இராது. 1972 மே 3ஆம் நாள் பிரிட்டனிலுள்ள சுவான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர், நில இணைப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிர்துறந்தார்.

நம் ஊர்த் தோல் பதனிடுஞ் சாலைகளை நோக்குமின். ஈரத்தரையில் நிற்குந் தொழிலாளி, டிரம் சுழற்றும் மோட்டாரின் எர்த் கம்பியைப் பிடுங்க ஒருப்படுவானோ? மூன்று ஃபேஸ் மோட்டாரின் கூட்டை இரு தனி இணைப்புகளால் நிலத்தோடு பிணைத்தல் வேண்டுமென்பது நம் நாட்டு மின்சார விதி. ஆலைக்கு அத்துணைக் காப்பு. பாடும் மேடைக்கு ஒன்றுமின்று! இது முறையாமா?

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. புதிய ஒலிபெருக்கி வாங்குமுன் மண்டபத்தின் எர்த்தைச் சோதிக்க. பாலாறு வறண்டு நிலம் வெடிக்கும் வேனிலில் எர்த் குழியும் உலர்ந்து பயன் குன்றும். கரியும் உப்புமிட்ட அக்குழிக்கு நீர் வார்த்தல் ஒருவர் பொறுப்பாகுக. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் தருக. நெடுந்தூரம் செல்லுங் கம்பிகளெல்லாம் சமநிலைக் கம்பிகளாகுக. முள்ளொடிந்த செருகி கண்டவிடத்தே நீக்கப்படுக.

இவற்றிற்காகுஞ் செலவு சிறிது. காப்பதோ பாடுவோர் உயிரையும் கேட்போர் செவியையும். இசை நிகழ்ச்சிகளை நடத்துவோர் இதனை உளங்கொண்டு ஆவன செய்வாராக.