துக்க ஆலோசகரைத் தேடும் வேலை யாருடையது? எங்கள் நிலைப்பாடு

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் காத்திருப்பவர்களிடம் ஆதார் நகல் கேட்பார்கள், காவல் நிலையத்துத் தாள் கேட்பார்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். இலவச அமரர் ஊர்திக்கு 155377 என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உடலை வீடு சேர்க்கும் வரை அரசிடம் ஒரு வழிமுறை இருக்கிறது, நல்ல வழிமுறைதான். அதே வாசலில், மனநல உதவிக்கு 14416 என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சாவு விழுந்த குடும்பங்களோடு வேலை செய்யும் தன்னார்வ அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்துகிறோம். துக்கத்துக்கு வெளியாள் உதவி தேவைப்படும்போது, அந்த ஆளைத் தேடும் வேலையைத் துக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது. உயிர் பிரிந்த மருத்துவமனையும் சுற்றியுள்ள உறவும்தான் அதைச் செய்ய வேண்டும். தூக்கமில்லாமல், சோறு இறங்காமல் இருப்பவரால் சான்றிதழ் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது.

துக்கம் நோயல்ல. பெரும்பாலோருக்கு சிகிச்சையாளர் தேவைப்படுவதும் இல்லை. கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கிறது, அடுப்பெரியாத வீட்டுக்குச் சோறு வருகிறது, கருமாதி வரை வீட்டில் யாராவது படுத்திருக்கிறார்கள். எடுத்த மறுநாளே கவுன்சலிங் என்று இழுத்துக்கொண்டு போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

சுற்றம் கூடாத சாவுகள்தான் எங்கள் கவலை. வயிற்றிலேயே இறந்த குழந்தைக்கு ஒப்பாரி கிடையாது. ‘அடுத்தது நல்லபடியா பொறக்கும்’ என்று சொல்லிவிட்டு ஊர் கலைந்துவிடும். பால் கட்டிக்கொண்டு வலிக்கிற மார்போடு அந்தப் பெண் தனியே கிடப்பாள். தற்கொலை நடந்த வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் அழ வருவதில்லை, காரணம் விசாரிக்க வருகிறார்கள். ஊருக்குத் தெரியாத உறவில் துணையை இழந்தவருக்கு எழவு வீட்டு வாசலில் நிற்கவே இடமில்லை. கணவன் போனவளை அடுத்து வரும் வளைகாப்புக்கு அழைக்காமல் விடுகிறோம், அதற்குச் சம்பிரதாயம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். பந்தல், பாடை, சாப்பாடு, கடன் என்று பதினாறு நாளும் ஓடிய மூத்த மகனை யாரும் அழச் சொல்வதே இல்லை.

ஆலோசகரிடம் எப்போது போவது என்று கேட்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகக் கணக்கிட ஆறு மாதமாவது கடக்க வேண்டும் என்கிறது. அவரவர் பண்பாட்டு வழக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கணக்கு பெரியவர்களுக்கு ஓராண்டு. நம் தலைத்திவசக் கணக்கும் அதுதான். ஆனால் உதவி கேட்பதற்கு இந்தக் காலக்கெடு எதுவும் பொருந்தாது. வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை, குடி ஏறுகிறது என்றால் எந்த மாதமானாலும் போகலாம். ‘நானும் போயிடறேன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர். மாத்திரை எழுத உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் பெற்றவர். மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. அது தெருவுக்கு வந்து சேரும்வரை, ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்ட பெயிண்ட் இருந்தால் போதும். மூன்று சிட்டிங்கில் மறக்க வைக்கிறேன் என்பவரையும், இறந்தவரோடு பேச வைக்கிறேன் என்பவரையும் நாங்கள் வெளிப்படையாகவே எதிர்க்கிறோம். பட்டம் மட்டுமே தகுதி என்று இதற்குப் பொருளில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவில் காது கொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். தங்களைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளாதவரை அப்படிப்பட்டவர்களின் துணை பெரிய துணை.

உறவினர்களுக்கு: போனை நீங்கள் போடுங்கள். பதிவு எண் என்ன, துக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று நீங்கள் கேளுங்கள். கூடப் போங்கள், ஆனால் வெளியே உட்காருங்கள். உள்ளே பேசியதை வீட்டுக்கு வந்து துருவாதீர்கள். முதல் ஆள் ஒத்துவரவில்லை என்றால் அடுத்தவரைப் பார்த்துக் கொடுங்கள். தனியாரிடம் போக வசதியில்லாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அரசிடம் நாங்கள் கேட்பது புதிய திட்டமல்ல. அரசு சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. பிணவறை, பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்று இடங்களிலும், உடலை ஒப்படைக்கும் தாளோடு இன்னொரு தாளும் கொடுக்கப்பட வேண்டும். 14416, அந்த மாவட்டத்து மனநலப் பிரிவின் கிழமை, நேரம், அறை எண் ஆகியவை அதில் இருக்கட்டும். கருமாதி முடிந்த பிறகு, குடும்பம் சம்மதித்திருந்தால், மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒரு அழைப்பு வர வேண்டும். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த இடங்களை நிரப்பக் கோருவதும் இந்த அறிக்கையின் பகுதிதான்.

பதிவு எண் கேளுங்கள் என்று உறவினர்களுக்குச் சொன்ன விதிதான் நாங்கள் பரிந்துரைக்கும் சிகிச்சையாளர் பட்டியலுக்கும். பதிவு எண்ணைக் காட்ட மறுப்பவர் பெயர் அதில் இடம்பெறாது. ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் தருபவரிடமும் வாங்க மாட்டோம், கேட்பவருக்கும் தர மாட்டோம்.