எர்ரர் எல்லாம் எமன் அல்ல

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அது எர்ரர் என்று ஒரு வார்த்தை காட்டிவிட்டால் போதும், வயிற்றைக் கலக்கிவிடும். இந்தப் பயத்தை வைத்தே காசு பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ளும் டைரி. ஆன் செய்ததிலிருந்து எது ஓடியது, எது மக்கர் செய்தது எல்லாம் நேரத்தோடு அதில் பதிவாகும். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள் நிறைய இருக்கும்.

உதாரணமாக 10016 என்ற எண். ஒரு புரோகிராம் அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை, வேறு வழியில் வேலையை முடித்துக்கொண்டது. அவ்வளவுதான். இதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

அடுத்தது கெர்னல் பவர் 41. "கிரிட்டிகல்" என்று மிரட்டும். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோய், மறுபடி கிளம்பியிருக்கிறது என்று பொருள். முந்தின நாள் கரண்ட் போயிருந்தால் காரணம் அதுதான். கரண்ட் போகாமலே அடிக்கடி வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டிஸ்க் என்ற பெயரோடு 7 வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. ஹார்டு டிஸ்க்கில் பழுதான இடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை அன்றைக்கே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். ரிப்பேர் எல்லாம் பிறகு.

"அதையெல்லாம் நீங்க பார்க்காதீங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் பார்க்கத்தான் சொல்வேன். "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் செய்யும் மோசடிக்காரன் திறக்கச் சொல்வது இதே டைரியைத்தான். சிவப்புக் குறிகளைக் காட்டிப் பயமுறுத்துவான். பிறகு ஒரு சாஃப்ட்வேரை ஏற்றச் சொல்வான். கடைசியில் பென்ஷன் பணம் போய்விடும். மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் இப்படிப் போன் செய்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று போய் ஒருமுறை பார்த்து வையுங்கள். அந்தச் சிவப்புக் குறிகள் அங்கே எப்போதும் இருப்பவைதான் என்று தெரிந்துவிட்டால், அவற்றைக் காட்டி உங்களை யாரும் பயமுறுத்த முடியாது.