கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர்கிறதா?

கேள்வி: “வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறது. மாடித்தோட்டத்தில் அரைக்கீரையும் பாலக்கும் போட்டிருக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் கீரைதான். காலையில் கேழ்வரகுக் கஞ்சி. அப்படியும் 15 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8 என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. கீரைக்கு அன்னபேதி தெளித்தால் இரும்புச்சத்து கூடுமா?”
– வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பதில்: இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 9.8 என்பது உணவை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்கக்கூடிய அளவு அல்ல. மருத்துவர் எழுதித் தரும் இரும்பு மாத்திரையை அவசியம் சாப்பிட வேண்டும். இங்கே சொல்லப்படுபவை அதனுடன் சேர்த்துச் செய்ய வேண்டியவை.

அன்னபேதி எதற்கு?

பயிரில் இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. அப்போது லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பது வழக்கம். அது பயிருக்கான மருந்து. பறித்துச் சமைக்கப் போகிற கீரையில் அதைத் தெளிக்கக் கூடாது. கீரை பச்சையாக, நன்றாக வளர்ந்தால் அதற்கு வேண்டிய இரும்பு மண்ணிலிருந்தே கிடைக்கிறது என்று பொருள். சிக்கல் கீரையில் இல்லை, அதைச் சாப்பிட்ட பிறகு குடலில் நடப்பதில் இருக்கிறது.

தட்டிலிருந்து ரத்தத்துக்கு

100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 4.6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கேழ்வரகிலும் ஏறக்குறைய அதே அளவு, கம்பில் 6.4. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. நம் நாட்டு உணவில் 8 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்ற கணக்கில் போடப்பட்ட அளவு இது. அதாவது உள்ளே சேர வேண்டியது 2 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். அதற்காக 29 சாப்பிட வேண்டியிருக்கிறது.

உணவில் உள்ள இரும்பு இரைப்பையின் அமிலத்தில் கரைகிறது. பிறகு சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. இந்தக் குறுகிய இடத்தைக் கடப்பதற்குள் வேறு பொருள் ஏதாவது இரும்பைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக மாற்றிவிட்டால் அது மலத்தோடு வெளியே போய்விடும். அப்படிப் பிடிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு.

விதையின் சேமிப்பு

முதலாவது ஃபைட்டேட். பயிருக்கு நாம் இடும் மணிச்சத்தில் ஒரு பங்கு விதைக்குப் போகிறது. விதை அதில் பெரும்பகுதியை ஃபைட்டேட் என்ற வடிவில் சேமிக்கிறது; முளைத்து வரும் நாற்றுக்கான முதல் உரம் அதுதான். தானியத்திலும் பயறிலும் இருக்கும் இந்த ஃபைட்டேட் நம் குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லை. விதையிடம் இருக்கிறது, ஆனால் முளைக்கும்போதுதான் அது முழுவீச்சில் வேலை செய்யும்.

அதனால்தான் முளைகட்டிய கேழ்வரகு நல்லது. தானியத்தை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைவிட வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்கலாம். பூசணம் பிடித்திருந்தால் கொட்டிவிட வேண்டும். முளைகட்ட நேரம் இல்லாதவர்கள் மாவைக் கரைத்து ஒரு இரவு புளிக்கவிடலாம். புளிப்பு ஏற ஏற ஃபைட்டேட் உடையும். நம் கூழ் இந்த வழியில் செய்யப்படுவதுதான். மாவைக் கரைத்த உடனே காய்ச்சும் கஞ்சிக்கும் புளித்த கூழுக்கும் இதில் நிறைய வித்தியாசம் உண்டு.

கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வதற்கும் ஆதாரம் கிடைத்திருக்கிறது. தானியம், பயறு வகைகளுடன் வெங்காயமோ பூண்டோ சேர்த்தால், குடல் உறிஞ்சக்கூடிய நிலையில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் அதிகரிப்பதாக மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்டார்கள். செரிமானத்தை ஆய்வகத்தில் செய்து பார்த்துக் கண்டறிந்த முடிவு இது.

தேநீரின் துவர்ப்பு

இரண்டாவது டானின் போன்ற துவர்ப்புப் பொருட்கள். கேழ்வரகின் சிவந்த தோலில் இவை அதிகம். பயிரைப் பொறுத்தவரை இது ஒரு பாதுகாப்பு. தானியத்தைப் பூசணத்திடமிருந்து காக்கிறது. ஆனால் வீட்டில் பெரிய தடை தேநீர்தான். 1975-ல் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் சோற்றை உருளைக்கிழங்கு–வெங்காய சூப்புடன் கொடுத்துச் சோதித்தார்கள். கூடவே தேநீர் குடித்தவர்களுக்கு உணவிலிருந்து சேர்ந்த இரும்பு பாதிக்கும் கீழே போனது. டானினும் இரும்பும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே காரணம் என்று விளக்கினார்கள். காபிக்கும் இந்தக் குணம் உண்டு. காலைக் கஞ்சியோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பாலக்கில் ஆக்சலேட் அதிகம். அது முக்கியமாகச் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைக்கும். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்தில் கால் பங்குக்கு மேல் உடம்பில் சேரும்போது பாலக்கில் உள்ளதில் சுமார் 5 சதவீதமே சேர்ந்ததாக 1988-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால் பாலக்கையே நம்பியிருக்காமல் முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை என்று மாற்றி மாற்றிச் சமைக்கலாம்.

இவற்றை விஷம் என்று நினைத்து ஒதுக்கவும் வேண்டாம். துவர்ப்புப் பொருட்களில் பெரும்பகுதி பெருங்குடல் வரை போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்கப்படுகிறது. போதிய சத்துணவு சாப்பிடுபவருக்கு இவற்றால் பெரிய கேடு இல்லை. ரத்தசோகை உள்ளவருக்கு மட்டும் கவனம் தேவை.

நெல்லிக்காய் செய்யும் வேலை

வைட்டமின் சி, குடல் எளிதாக உறிஞ்சும் வடிவத்துக்கு இரும்பை மாற்றுகிறது. ஃபைட்டேட்டும் டானினும் பிடிப்பதற்கு முன் அதைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. 100 கிராம் பெருநெல்லியில் 250 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஊர்ப் பெயரிலேயே நெல்லி இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டிலும் ஒன்று இருக்கட்டும். கொய்யாவும் எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும். மூன்று விஷயங்கள் முக்கியம்: அதே வேளைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், பச்சையாகச் சாப்பிட வேண்டும், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி அழியும். மாடியில் நெல்லி மரத்துக்கு இடம் போதாது. பெரிய தொட்டியில் ஒட்டு எலுமிச்சை வைக்கலாம்.

மீன், கருவாடு, இறைச்சி சாப்பிடும் வீடாக இருந்தால் கீரை சமைக்கும் நாளிலேயே அவற்றையும் சேர்க்கலாம். அவற்றில் உள்ள இரும்பு எளிதில் சேர்வதோடு கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேர உதவும்.

மாத்திரையும் பரிசோதனையும்

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலுடன் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடலாம். வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிடாமல், எந்த நேரத்தில் எப்படிச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மாத்திரையின் இரும்பு.

மண்ணில் வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு தொற்றலாம். அது குடலில் ரத்தத்தை உறிஞ்சும். அப்போது எத்தனை கீரை கொடுத்தாலும் பயன் இருக்காது. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை மகள் விழுங்கினாளா என்று விசாரிக்க வேண்டும். தோட்ட வேலையில் செருப்பு அவசியம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ வைட்டமின் பி12 குறைந்திருந்தாலோ சிகிச்சை வேறு. மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் ரத்தப் பரிசோதனை செய்து, எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் காரணத்தை உணவுக்கு வெளியே தேட வேண்டும்.