எட்டுக் கோணலும் ஒரு சொல்லும்

தொந்திக் கணபதி என்று வாயார அழைத்து மகிழும் இல்லங்களிலேயே, பேரனைக் 'குண்டு' என்று கூப்பிடுவதும் நடக்கிறது. முன்னது பக்தி, பின்னது செல்லம் என்று பெரியவர்கள் எண்ணுகின்றனர். கேட்கும் பிள்ளை அவ்வாறு எண்ணுவதில்லை.

தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை மிகுந்தவர்கள் என்று 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. ஆகவே பேத்தியின் எடையைக் குறித்து மருத்துவர் கவலை தெரிவித்தால், அதை ஏற்று நடப்பது முறையே. இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. பிறர் சொல்லும் இகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு, 'நான் சோம்பேறி, எனக்கு மனவுறுதி இல்லை' என்று பிள்ளை தன்னைத் தானே இகழத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் வெளியிலிருந்து எவரும் கேலி செய்ய வேண்டியதில்லை. விளையாட்டுத் திடலுக்குப் போக நாணுகிறது; திருவிழாவில் படம் எடுக்கும்போது தூணின் பின்னே ஒதுங்குகிறது; காலையில் உண்ண மறுத்து, இரவில் எவரும் அறியாமல் அளவின்றி உண்கிறது. கேலி செய்தால் பிள்ளை திருந்தும் என்பது வெறும் நம்பிக்கை. அதனால் எடை கூடவே செய்யும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2017-இல் எச்சரித்தது.

கடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி வழியாக மேற்கே சென்றால் வடலூர். பசியைப் பிணியென்று கண்ட வள்ளலார் 1867-இல் அங்கே மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்த வழியிலுள்ள ஊர்களிலோ, அப்பால் நெய்வேலிக் குடியிருப்புகளிலோ ஒரு சிறுமி வெட்கத்தினால் சோற்றை ஒதுக்கிக் கிடப்பாளாயின், அதைவிடப் பெரிய முரண் உண்டோ!

மகாபாரத வனபர்வத்தில் அஷ்டாவக்கிரரின் வரலாறு வருகிறது. கருவிலிருந்தபோதே அவர், தந்தை ககோளரின் வேத பாடத்தில் பிழை கண்டு சொன்னார். சீடர் நடுவே தலைகுனிந்த தந்தை சினந்து சபித்தார். பிள்ளை எட்டுக் கோணலோடு பிறந்தது. அந்த உடலை வளைத்தது பகைவரின் சொல்லன்று, பெற்றவரின் சொல். பன்னிரண்டாம் வயதில் ஜனகரின் வேள்விச்சாலைக்குச் சென்ற அவரை, சிறுவன் என்று வாயிற்காவலன் தடுத்தான். நரைத்த தலை ஒருவரைப் பெரியவராக்காது என்று விடை கூறி உள்ளே நுழைந்தார். வந்தியை வாதில் வென்று, அவனிடம் தோற்று நீரில் மூழ்கடிக்கப்பட்டிருந்த தந்தையை மீட்டார். மீண்ட தந்தை மகனைச் சமங்கை ஆற்றில் நீராடச் சொன்னார். கோணல்கள் நிமிர்ந்தன. வளைத்ததும் நிமிர்த்தியதும் ஒரே வாய்.

எடை குறைய வேண்டிய பிள்ளைக்குத் தனித் தட்டும் தனி உணவும் வைப்பது தண்டனையாகவே படும். கீரையும் சுண்டலும் வீட்டார் அனைவருக்கும் ஒன்றாகட்டும். கொழுக்கட்டை பகிரும் நாளில் மற்றவருக்குக் கொடுத்த அளவே அதற்கும் கொடுக்கலாம்; 'உனக்கு வேண்டாம்' என்று விருந்தினர் முன்னே சொல்வது ஒரு கொழுக்கட்டையைவிடக் கெடுதல். பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் தாத்தாவோடு கோயிலுக்கு நடந்து சென்று, பிராகாரத்தைச் சில முறை வலம் வருவதும் அதில் ஒரு பகுதியாகலாம். அந்நேரத்தில் எடையைத் தவிர வேறு எதையும் பேசலாம். பாட்டி தம் உடம்பைத் தாமே பழித்துக்கொள்வதும் பேத்தியின் காதில் விழும் என்பதை மறத்தல் கூடாது.

வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்காமல், உயரம் கூடும்வரை அதே அளவில் நிறுத்தினாலே போதும் என்று மருத்துவர் கூறுவதுண்டு. அதை உறவினர் கூட்டத்தில் கேட்காமல், தனியே கேட்பது நலம். பிள்ளை தொடர்ந்து பட்டினி கிடந்தாலோ, உண்டதை வலிய வாந்தி எடுத்தாலோ, நாள் பார்த்துக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.