தண்ணீரை எப்போது ஊற்றுவது?

மாடித்தளம் கான்கிரீட் என்றால் நம் ஊரில் பூசை போடுவோம், வேலை செய்தவர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவோம். கார் ஷெட் தரைக்கு அந்த மரியாதை கிடையாது. மிச்சம் கிடக்கும் ஜல்லியையும் எம்-சாண்டையும் கொட்டி ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடச் சொல்கிறோம். ஒரு டன் எடையுள்ள வண்டி தினமும் ஏறி இறங்கப்போவது அதன் மேல்தான்.

எங்கள் வீட்டுப் பழைய ஷெட்டில் பெருக்கப் பெருக்கத் தூசி வந்துகொண்டே இருந்தது. தெருப்புழுதி என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். உண்மையில் தரைதான் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. உடைத்துவிட்டுப் புதிதாகப் போட மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

"பத்துக்கு இருபது, நாலு இஞ்ச் கனம். பதினாறு மூட்டை எடுத்துருங்க சார்" என்றார். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் ஜல்லி. கிராவல் கொட்டித் திமிசு போடுவது, வாசல் பக்கம் வாட்டம் வைப்பது, இதிலெல்லாம் எங்களுக்குள் பேச்சே இல்லை. சண்டை வந்தது தண்ணீரில்.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். மேஸ்திரி சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கெட்டியான கலவையை மட்டப்பலகையால் இழுப்பவருக்குத்தான் தோள்வலி தெரியும். இன்னொரு வாளி ஊற்றினால் கலவை தானே ஓடிப் பரவும். ஆனால் சிமென்ட் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் தண்ணீர், வெளியேறும் வழியெல்லாம் நுண்துளையை விட்டுப்போகும். தண்ணீர் கூடக் கூட கான்கிரீட்டின் பலம் குறையும் என்று சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். வாளிக்குப் பதிலாக, கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் வாங்கி வந்தோம். சமாதானமானது.

அடுத்த சோதனை பொறுமைக்கு. மட்டம் இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது போகும்வரை கரணை வைக்கக் கூடாது. அவசரப்பட்டு அதன்மேல் வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்த்தால் அன்றைக்கு வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். அந்தத் தோல் பிறகு பொருக்குத் தட்டி உதிரும். எங்கள் வீட்டுத் 'தெருப்புழுதி'க்கும் அதுதான் காரணம் என்று உடைத்த சில்லைப் புரட்டிப் பார்த்து மேஸ்திரியே சொன்னார். மறுநாள் மிஷின் வைத்து, பத்தடிக்கு ஒரு கோடாக ஓர் இஞ்ச் ஆழம் வெட்டினார்கள். கான்கிரீட் சுருங்கும்போது விரிசல் விடாமல் இருக்காது. அந்தக் கோட்டுக்குள்ளேயே விட்டுக்கொள்ளட்டும்.

கலவையில் கஞ்சத்தனம் காட்டிய தண்ணீரை இனிமேல்தான் தாராளமாக விட வேண்டும். பாத்தி கட்டி நிறுத்தினோம். பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசலானா) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. ஏழாம் நாளில் 28 நாள் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும் என்பதால், வண்டியை உள்ளே விட நான் அவசரப்படவில்லை.

"இன்னுமா சார் காயலை?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்டார். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் கார் நின்றது அவர் வீட்டு வாசலை மறித்து.